அப்பாவின் ஹீமோகுளோபின் ஏன் ஏறவில்லை?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு வயது 62. இருபது வருடமாக இனிப்புநீர். சிறுநீரகம் நான்காம் கட்டத்தில் இருக்கிறது என்கிறார்கள். டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. ஹீமோகுளோபின் 8.9. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறவில்லை. இப்போது ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். ஈரலும் முருங்கைக்கீரையும் பீட்ரூட் சாறும் கொடுத்தாலே போதும், ஊசியைத் தொடங்கினால் விடவே முடியாது என்கிறார் அத்தை. பேசாமல் இரத்தம் ஏற்றிவிடலாம் என்கிறார் அண்ணன். ஊசி போட்டால் ஹீமோகுளோபின் 14-க்கு வந்துவிடுமா? யார் சொல்வதைக் கேட்பது?"

டாக்டர் சொல்வதை. ஆனால் அத்தையிடமும் அண்ணனிடமும் பேசிச் சமாளிக்க வேண்டியவர் நீங்கள்தான் என்பதால், காரணத்தோடு சொல்கிறேன். பினாங்கில் சிறுநீரக நோயாளிகளுக்குப் பல வருடம் மருந்து எடுத்துக் கொடுத்த மருந்தாளன் நான். ஈரல், கீரை, இரத்தம் ஏற்றுவது என்ற இந்த யோசனைகளோடு கவுண்டருக்கு வராத குடும்பம் குறைவு.

சிறுநீரகத்தின் வேலை கழிவை வடிகட்டுவது என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. தன் வழியாக ஓடும் இரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறதா என்று அது இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருக்கிறது. குறைந்தால், அதன் குழாய்களுக்கு இடையில் இருக்கும் சில செல்கள் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. சுருக்கமாக ஈபிஓ. அது எலும்பு மஜ்ஜைக்குப் போய், சிவப்பணுக்களை உண்டாக்கச் சொல்கிறது. பெரியவர்களின் உடம்பில் இந்த ஹார்மோனின் பெரும்பகுதி சிறுநீரகத்திலிருந்தே வருகிறது. கல்லீரல் கொடுப்பது கொஞ்சம்தான். ஆக்சிஜன் குறைவதைச் செல்கள் எப்படி உணர்கின்றன என்பதைக் கண்டுபிடித்ததற்காகத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா என்ற மூவருக்கு 2019-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ராட்கிளிஃப் சிறுநீரக மருத்துவர். இந்த ஈபிஓவை ஆராயப் போய்த்தான் அங்கே வந்து சேர்ந்தார்.

சிறுநீரகம் தளரத் தளர இந்தச் சுரப்பும் தேவைக்கு ஈடுகொடுக்காமல் போகிறது. ரொட்டி சானாய்க் கடையில் மாவு உருட்டி வைத்தாயிற்று, கல்லும் காய்ந்திருக்கிறது. ஆர்டர் வரவில்லை என்றால் கல்லில் ஒரு ரொட்டியும் விழாது. உங்கள் அப்பாவின் மஜ்ஜையின் நிலைமையும் அதுதான். மாவை இன்னும் கொஞ்சம் பிசைந்து வைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. வேறு இரண்டு தொல்லைகளும் கூடச் சேர்கின்றன. சாதாரணமாகச் சிவப்பணு ஒன்று 120 நாள் வாழும். கழிவு தேங்கிய இரத்தத்தில் அதன் ஆயுள் குறைந்துவிடுகிறது. இரண்டாவது தொல்லை இரும்பைப் பற்றியது. மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்ற உங்கள் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது.

கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் போகும் வாசலையும், உடம்பின் சேமிப்பிலிருந்து இரும்பு வெளியே வரும் வாசலையும் அது அடைத்துவிடும். கிருமித் தொற்றுக் காலத்தில் கிருமிக்கு இரும்பு கிடைக்காமல் செய்ய உடம்பு வைத்திருக்கும் தற்காப்பு இது. சிறுநீரக நோயில் உள்ளுக்குள் ஓயாத அழற்சி இருப்பதாலும், ஹெப்சிடின் சரியாக வெளியேறாததாலும் இது நிரந்தரமாகக் கூடியே இருக்கிறது. அதனால் அப்பா விழுங்கிய மாத்திரையின் பெரும்பகுதி குடல் வழியே அப்படியே போயிருக்கும். உள்ளே ஏற்கெனவே சேமித்த இரும்பு இருந்தாலும் அதுவும் வேலைக்கு வராது.

இதனால்தான் ஹீமோகுளோபின் எண்ணை மட்டும் பார்ப்பது போதாது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன். இன்னும் இரண்டு எண்களைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று ஃபெரிட்டின், சேமிப்பில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பதைச் சொல்வது. மற்றொன்று டிரான்ஸ்ஃபெரின் செறிவு விழுக்காடு. இரத்தத்தில் ஓடிக்கொண்டு உடனே பயன்படத் தயாராக இருக்கும் இரும்பைச் சொல்வது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு ஃபெரிட்டின் 30-க்குக் கீழே போனால்தான் இரும்புக் குறைபாடு என்போம். சிறுநீரக நோயாளிக்கு அந்தக் கணக்கு வேறு: அழற்சியே ஃபெரிட்டினை உயர்த்திக் காட்டுவதால், 100-க்குக் கீழே என்றாலே குறைபாடு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். செறிவு 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், ஃபெரிட்டின் எண் அழகாக இருந்தாலும் மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். இரத்தப் பரிசோதனைத் தாளில் ஃபெரிட்டினுக்குப் பக்கத்தில் 'இயல்பு' என்று அச்சாகியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம். அந்த அளவுகோல் சிறுநீரக நோயாளிகளுக்காகப் போடப்பட்டதல்ல.

ஒரு சின்னக் கணக்கு. ஹீமோகுளோபின் எண் ஒன்று, அதாவது டெசிலிட்டருக்கு ஒரு கிராம், ஏற வேண்டுமானால் பெரியவர் ஒருவருக்கு ஏறக்குறைய 170 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குடலோ, நல்ல நிலையிலேயே சாதாரண உணவிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான் உறிஞ்சும். 8.9-இலிருந்து 11-க்கு வர எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நீங்களே போட்டுப் பாருங்கள். அதனால்தான் மாத்திரை போதாதபோது இரத்த நாளம் வழியாக இரும்பு ஏற்றுகிறார்கள். கருஞ்சிவப்பாக, கெட்டிக் கோப்பி நிறத்தில் இருக்கும் மருந்து அது. உப்புநீரில் கலந்து மெதுவாக இறக்குவார்கள். இரும்பு சுக்ரோஸ் வகை என்றால், டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு 200 மில்லிகிராமாக, இரண்டு வாரத்துக்குள் ஐந்து தடவை கொடுத்து 1000 மில்லிகிராம் ஆக்குவது வழக்கமான முறைகளில் ஒன்று. ஏற்றி முடிந்ததும் அரை மணி நேரமாவது அங்கேயே உட்கார வைப்பார்கள். ஒவ்வாமை அபூர்வம், ஆனால் வந்தால் வேகமாக வரும். காய்ச்சலோ, காலில் சீழ்ப் புண்ணோ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தொற்று அடங்கும்வரை இரும்பு ஏற்றமாட்டார்கள்.

மாத்திரையே தொடர்ந்தால் அதை எப்படிச் சாப்பிடுகிறார் என்பதையும் பாருங்கள். நம் வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான்: காலையில் பசியாறி முடித்ததும் இரும்பு, கால்சியம் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் குவித்து, ஒரு கிளாஸ் தே தாரேக்கோடு ஒரே மடக்கில் விழுங்குவது. தேநீரும் கால்சியமும் இரும்பைக் குடலில் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் சாப்பிடுகிறவர்களுக்கும் இரும்பு குறைவாகவே சேரும்.

இனி டாக்டர் சொல்லும் ஊசி. அது ஈபிஓவைத்தான் வெளியிலிருந்து கொடுப்பது. 1970-களில் சிகாகோவில் யூஜின் கோல்ட்வாசர் என்பவர் ஈபிஓவைப் பிரித்தெடுக்கப் பல ஆண்டுகளாக முயன்றுகொண்டிருந்தார். ஜப்பானில் மஜ்ஜை செயலிழந்த நோயாளிகளிடமிருந்து சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரை வற்றவைத்து, தக்காஜி மியாக்கே என்ற ஆய்வாளர் அவரிடம் கொண்டுபோனார். அத்தனையிலிருந்தும் கிடைத்தது சில மில்லிகிராம் தூய ஹார்மோன். 1977-இல் அந்த ஆய்வு வெளியானது. அதற்குரிய மரபணுவை ஃபூ குவென் லின் 1983-இல் கண்டெடுத்தார். மரபணு கையில் வந்த பிறகு ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு தயாரிக்க முடிந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முதல் முடிவுகள் 1986-87-இல் வந்தன, 1989-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு டயாலிசிஸில் இருந்த பலர் அடிக்கடி இரத்தம் ஏற்றித்தான் காலம் தள்ளினார்கள். உங்கள் அண்ணனின் யோசனை ஒரு காலத்தில் மருத்துவத்தின் யோசனையும்தான்.

இப்போது ஏன் தயங்குகிறார்கள்? ஏற்றும் ஒவ்வொரு பையும் இன்னொருவருடைய வெள்ளணுக் குறிகளையும் உடம்புக்குள் கொண்டுவருகிறது. அவற்றுக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால், நாளைக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது கடினமாகிவிடும். மகனோ மகளோ கொடுக்க முன்வந்தாலும்கூட. ஒரு பை ஏற்றினால் ஏறுவது ஏறக்குறைய ஒரு கிராம். உற்பத்தி நடக்காததால் அதுவும் சில வாரங்களில் கரைந்துவிடும். நெஞ்சுவலி, கடும் மூச்சுத்திணறல், இரத்தப்போக்கு என்றால் ஏற்றியே ஆக வேண்டும், அதில் தயக்கமில்லை. உங்கள் அப்பாவின் நிலைமை அப்படித் தெரியவில்லை.

அத்தையின் பயத்துக்கு வருகிறேன். ஊசிக்கு அடிமையாவது என்று ஒன்றும் கிடையாது. உடம்பு சுரக்காததை வெளியிலிருந்து கொடுக்கிறோம், இன்சுலின் போலவே. நிறுத்தினால் ஹீமோகுளோபின் மறுபடி இறங்கும், ஏனென்றால் சிறுநீரகம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி அது நன்றாக வேலை செய்யத் தொடங்கினால், பெரும்பாலோர் இந்த ஊசியை விட்டுவிடுகிறார்கள்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதை அத்தை சொல்லவில்லை: 14-க்குக் கொண்டுவர வேண்டும் என்ற ஆசை. மருத்துவர்களுக்கே அந்த ஆசை இருந்தது. இயல்பான அளவுக்கு ஏற்றினால் இதயத்துக்கு நல்லதுதானே என்று நினைத்துத்தான் பெரிய ஆய்வுகளை நடத்தினார்கள். இனிப்புநீரும் சிறுநீரக நோயும் சேர்ந்த, அதாவது உங்கள் அப்பாவைப் போன்ற 4,038 பேரை வைத்து நடந்த ட்ரீட் ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு ஊசி மூலம் 13-ஐக் குறிவைத்தார்கள். மறுபாதியினருக்கு 9-க்குக் கீழே போனால் மட்டும் ஊசி. 13-ஐக் குறிவைத்தவர்களில் 101 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மற்றவர்களில் 53 பேருக்கு. 2006-இல் வந்த சாய்ர் ஆய்விலும் 13.5-ஐக் குறிவைத்தவர்களுக்கே மரணமும் இதயக் கோளாறுகளும் கூடுதல். அதன்பிறகு வழிகாட்டுதல்கள் மாறின. பொதுவாக 10-க்கும் 11.5-க்கும் இடையில் நிறுத்துவார்கள். 13-ஐத் தாண்டும்படி ஊசி போடவே கூடாது. ஆகவே அப்பாவுக்கு 11 வந்து, டாக்டர் ஊசி அளவைக் குறைத்தால், மருந்து இல்லை என்று மிச்சம் பிடிக்கிறார்கள் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

வேகமும் முக்கியம். போட்ட மறுநாளே தெம்பு வராது. எண் நகர இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். நான்கு வாரத்தில் இரண்டு கிராமுக்கு மேல் ஏறினால் அது நல்ல செய்தி இல்லை, அளவைக் குறைக்க வேண்டும். இரத்த அழுத்தம் கூடுவது இந்த ஊசியின் பொதுவான பக்கவிளைவு. ஊசிக்கு முன்பு அழுத்தம் பாருங்கள், கட்டுக்குள் இல்லாவிட்டால் போடாமல் கிளினிக்கைக் கூப்பிடுங்கள். அப்பாவுக்கு முன்பு பக்கவாதமோ புற்றுநோயோ வந்திருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். பழைய கோப்பில் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போடும் வகையும் உண்டு, மாதம் ஒருமுறை போதுமான வகையும் உண்டு. பல நாடுகளில் இதற்கு மாத்திரையும் வந்துவிட்டது. நான் முன்பு சொன்ன நோபல் கண்டுபிடிப்பின் வழியாக வந்தது, ரொக்சாடுஸ்டாட் போன்ற பெயர்களில். யாருக்கு அது பொருந்தும் என்பது தனிக் கதை.

எந்த ஊசியானாலும் வைத்துக்கொள்ளும் முறை ஒன்றுதான்: 2 முதல் 8 டிகிரி குளிரில். இங்கேதான் நம் ஊர் வெயில் காரியத்தைக் கெடுக்கிறது. தீவில் மருந்து வாங்கி, பெர்ரியில் அக்கரை கடந்து, மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு, வழியில் ஒரு கல்யாண வீட்டுக்கும் தலைகாட்டிவிட்டு வீடு போய்ச் சேர்ந்தால், உள்ளே இருப்பது வெறும் தண்ணீருக்குச் சமமாகிவிடலாம். ஐஸ் கட்டியின் மேலேயே நேரடியாக வைப்பதும் தவறு. உறைந்து போன ஊசியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். ஐஸ் பையைத் துண்டில் சுற்றி, அதன்மேல் அட்டைப்பெட்டியோடு ஊசியை வையுங்கள். வீட்டில் குளிர்பெட்டியின் நடுத்தட்டில், பின்சுவரைத் தொடாமல். கதவில் வேண்டாம், அது நாளுக்கு இருபது தடவை திறக்கிறது. குலுக்கவும் கூடாது, இது புரதம், குலுக்கினால் சிதைந்துவிடும். போடுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் எரிச்சல் குறையும். வயிற்றின் மடிப்பு, தொடை, மேல்கை என்று இடம் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

ஊசி போட்டும் ஏறவில்லை என்றால் அளவைக் கூட்டுவதற்கு முன்பு தேட வேண்டியவை சில உண்டு. முதல் சந்தேகம் எப்போதும் இரும்புதான். அடுத்தது இரத்தக் கசிவு. முட்டிவலிக்கு மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் டிக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம் போன்ற வலிமாத்திரைகள் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டுவலிக்கு அற்புதமாகக் கேட்கிறது என்று யாரோ கொடுக்கும் ஜாமு என்ற மூலிகை மருந்துப் பொட்டலங்களிலும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. 62 வயது ஆணுக்கு உண்மையிலேயே இரும்பு குறைந்திருந்தால், சிறுநீரகத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. குடலில் கட்டி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். இனிப்புநீருக்கு மெட்ஃபோர்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும். சைவமாகவும் இருந்தால் இன்னும் அதிகம். மலேசியாவில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாற்றின் மரபணுவைச் சுமப்பவர்களும் நிறைய இருக்கிறார்கள். சிவப்பணு அளவு சிறியதாக இருந்து, இரும்பு மட்டும் சரியாக இருந்தால் அதையும் பார்ப்பார்கள்.

இனி அடுக்களை. ஈரல், முருங்கைக்கீரை, பீட்ரூட் மூன்றும் இரத்தம் ஊற உதவும் உணவு என்பது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு ஓரளவு உண்மை. நான்காம் கட்டத்தில் கணக்கு மாறுகிறது. கீரையிலும் பீட்ரூட்டிலும் பொட்டாசியம் அதிகம். சாறாகப் பிழிந்து தினமும் கொடுத்தால் மொத்தமும் ஒரே கிளாஸில் இறங்கும். கூடவே அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பு இல்லாமலே இதயத் துடிப்பு தடுமாறும். ஈரலில் பாஸ்பரஸும் வைட்டமின் ஏ-யும் மிகுதி. இரண்டையும் வெளியேற்றச் சிறுநீரகம் சிரமப்படும். அத்தை அன்போடு செய்கிறார், அதனால் சாற்றை நிறுத்தச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள். குழம்பில் விழும் நாலு முருங்கை இலையைப் பற்றி யாரும் பேசவில்லை. பெலிம்பிங் பழத்தை மட்டும் ஒரு துண்டுகூடக் கொடுக்க வேண்டாம். நம் பசார்களில் நட்சத்திரம் போல வெட்டி வைத்திருப்பார்களே, அதுதான். அதிலுள்ள நஞ்சைத் தளர்ந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாமல், விடாத விக்கல், குழப்பம், வலிப்பு என்று போய் உயிரிழந்தவர்கள் உண்டு.

8.9 அவ்வளவு மோசமா, அப்பா நன்றாகத்தான் இருக்கிறார் என்று நீங்கள் நினைக்கலாம். இறக்கம் மாதக்கணக்கில் நடப்பதால் உடம்பு அதற்குப் பழகிக்கொள்கிறது, மனிதரும் தன் நாளைச் சுருக்கிக்கொள்கிறார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிறவர் இந்த வருடம் கீழேயே நின்று கும்பிட்டிருப்பார். கேட்டால் வயதாகிவிட்டது என்பார். உள்ளே இதயம் குறைந்த இரத்தத்தைக் கொண்டு அதிகம் உழைத்து, அதன் இடப்பக்கச் சுவர் தடித்துக்கொண்டிருக்கும். சிறுநீரக நோயாளிகளைப் பெரும்பாலும் கொண்டுபோவது இதயம்தான். சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர்; இந்தியர்களில் அது 31.4. உங்கள் அண்ணனுக்கும் உங்களுக்கும் இரத்தத்தில் சர்க்கரையும் சிறுநீரில் புரதமும் பார்த்தாயிற்றா? அரசாங்க கிளினிக்கிலேயே பார்க்கலாம்.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அரசாங்க மருத்துவமனையின் சமூகநலப் பிரிவில் பேசுங்கள். அப்பா சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டியவராக இருந்தால், பின்னால் டயாலிசிஸ் வரும்போது என்ன உதவி கிடைக்கும், ஊசியும் அதில் சேருமா என்பதை இப்போதே விசாரித்து வைப்பது நல்லது. வேலையை விட்டபின் விசாரிக்கப் போனால் பழைய தாள்களைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

இன்னும் ஒன்று. இரும்பும் ஊசியும் தொடங்கிய பிறகு அப்பாவின் எச்பிஏ1சி எண் திடீரென்று இறங்கி, சர்க்கரை பிரமாதமாகக் கட்டுப்பட்டுவிட்டதாகத் தோன்றலாம். மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் அந்தப் பரிசோதனை, சிவப்பணு எவ்வளவு காலம் சர்க்கரையில் ஊறியது என்பதை வைத்துக் கணக்கிடுவது. புதுச் சிவப்பணுக்கள் நிறைய வந்து சேரும்போது எண் பொய்யாகக் குறையும். அதை நம்பி இன்சுலினைக் குறைக்க வேண்டாம், வழக்கம்போல விரலில் குத்திப் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்த நோட்டுப்புத்தகத்தையும், ஃபெரிட்டின், செறிவு விழுக்காடு இரண்டும் உள்ள தாளையும், அப்பா உண்மையில் சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஜாமு இருந்தால் அதையும் சேர்த்து.